கண்டெடுக்கப்பட்டவரா, படைப்பாளியா? எலிசபெத் காட்டனின் இசைத்தட்டும் உழைப்பாளியின் உரிமையும்

1958ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஃபோக்வேஸ் என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 'கிதாருடன் நாட்டுப்புறப் பாடல்களும் கருவியிசையும்' என்று பொருள்படும் மிக எளிய தலைப்பு. அதில் பாடியவரும் கிதார் இசைத்தவரும், அதன் தலைசிறந்த பாடல்களை இயற்றியவரும் ஒருவரே: எலிசபெத் காட்டன். அப்போது அவர் 60 வயதைக் கடந்த கறுப்பினப் பெண். வாஷிங்டனை ஒட்டிய புறநகரில் ஒரு வெள்ளையர் குடும்பத்தில் சமைத்தும் துணி தேய்த்தும் வாழ்ந்துவந்த வீட்டுப் பணியாளர்.

இசை எழுத்தாளர்கள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரு சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகின்றனர்: 'கண்டெடுக்கப்பட்டவர்'. எசமானர் வீட்டின் சமையலறையில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட மேதை என்பதே அவரைப் பற்றி நிலைத்துவிட்ட கதை. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், அக்கதை ஒரு கேள்வியை எழுப்பாமலேயே முடிந்துவிடுகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பாடல் இயற்றிய ஒருவரின் குரல் இசைத்தட்டில் ஏற ஏன் அரை நூற்றாண்டு ஆயிற்று? இடைப்பட்ட காலத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை எவை? அந்தக் கேள்வியோடு கேட்கும்போது, இந்த இசைத்தட்டு தற்செயலின் கதையைச் சொல்வதில்லை; உழைப்பும் உடைமையும் பற்றிய வரலாற்றைச் சொல்கிறது.

கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயலான ஒன்றன்று. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் சார்பில் அளிக்கப்பட்ட மனுவின் படியை அதில் கேட்டார். தீண்டப்படாதோரின் நிலைக்கும் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையையும் சுட்டினார். அவ்வொப்புமையைச் சட்டத்திலும் அரசியலிலும் நாம் பலமுறை விவாதித்திருக்கிறோம். பாட்டிலும் இசையிலும் அதைக் காண்பதற்கு எலிசபெத் காட்டனின் வாழ்வு பொருத்தமான சான்று.

ஐந்து மாத ஊதியம், ஒரு கிதார்

வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில் நகரை ஒட்டிய கார்பரோவில் 1890களின் முற்பகுதியில் எலிசபெத் நெவில்ஸ் பிறந்தார். வீட்டில் அவருக்கென்று தனிப்பெயர் இல்லை, செல்லப்பெயர்களாலேயே அழைத்தனர். பள்ளியின் முதல் நாளில் ஆசிரியர் பெயரைக் கேட்டபோது, 'எலிசபெத்' என்று தாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார். பின்னாளில் தம் பாடலின் மீது தம் பெயரைப் பொறிக்கப் போராட வேண்டியிருந்த ஒருவரின் வாழ்வு, தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டதில் தொடங்கியது.

அவர் வளர்ந்த காலம் கறுப்பின மக்களின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்ட காலம். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'பிரித்துவைத்தாலும் சமம்தான்' என்னும் கோட்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. 1898இல் அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், கறுப்பினத்தவர் பங்கேற்ற மக்களாட்சி நிர்வாகத்தை வெள்ளையர் கும்பல் வன்முறையால் கவிழ்த்தது. 1900இல் எழுத்தறிவுத் தேர்வு என்னும் சூழ்ச்சியால் கறுப்பினத்தவரின் வாக்குரிமை ஏறத்தாழ முற்றிலும் பறிக்கப்பட்டது. சாப்பல் ஹில்லில் புகழ்பெற்ற மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர் முதன்முதலில் சேர்க்கப்பட்டது 1955இல்தான். அறிவின் நகரம் எனப் பெயர்பெற்ற அவ்வூரில், கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்தவை பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளின் பின்வாசல்களே.

எலிசபெத்தும் அவ்வாசல் வழியாகவே சென்றார். சிறுமியாக இருக்கும்போதே பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குப் போனார். மாதக் கூலி 75 சென்ட். அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 3 டாலர் 75 சென்ட் கொடுத்து ஒரு கிதார் வாங்கினார். கணக்கிட்டால், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்த ஐந்து மாத ஊதியம். பிறரது பாத்திரம் துலக்கிய உழைப்பின் பலனைத் தம் இசைக்கான முதலாக மாற்றிக்கொண்டவர் அச்சிறுமி. அவரைக் கண்டெடுத்தவர் என்று யாரையேனும் சொல்ல வேண்டுமானால், முதலிடம் அவருக்கே உரியது.

தலைகீழாகப் பிடித்த கிதார்

எலிசபெத் இடக்கைப் பழக்கம் உடையவர். கிதார் வாங்குமுன் அவர் பழகியது அண்ணனின் பாஞ்சோவில். இடக்கையாளர்கள் வழக்கமாகக் கருவியின் தந்திகளை இடம்மாற்றிக் கட்டிக்கொள்வர். ஆனால், கருவி பிறருடையது. தந்திகளை மாற்றினால் அண்ணன் வாசிக்க முடியாது. எனவே, தந்திகளை அப்படியே விட்டுவிட்டுக் கருவியைத் தலைகீழாகப் பிடித்துப் பழகினார். கிதாரிலும் அதே முறையைத் தொடர்ந்தார்.

இதன் விளைவைக் கிதார் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளலாம். வழக்கமான வாசிப்பில் தடித்த தந்திகள் மேலே இருக்கும். பெருவிரல் அவற்றில் அடித்தளத் தாளத்தைத் தர, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை இசைக்கும். கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் அந்த வரிசை மாறிவிடும். எலிசபெத்தின் விரல்கள் தாளத்தைத் தந்தன. பெருவிரல் மெட்டைப் பாடியது. மெட்டின் ஒவ்வொரு சுரமும் பெருவிரலின் அழுத்தத்தோடு உருண்டு திரண்டு ஒலிப்பதும், தாளம் அதன் அடியில் இலேசாக ஓடுவதும் அதனால்தான். இம்முறை பின்னாளில் அவர் பெயராலேயே 'காட்டன் பாணி' என்று வழங்கலாயிற்று.

இதனை 'இயற்கை அளித்த வரம்' என்று புகழ்வோர் உண்டு. அதன் தோற்றுவாய் வேறு. தனக்கென்று கருவி இல்லாத நிலை, கற்றுத்தர ஆசிரியர் இல்லாத நிலை, இருப்பதை வைத்து வழி தேட வேண்டிய கட்டாயம் ஆகியவற்றிலிருந்து ஒரு சிறுமி சிந்தித்து வகுத்துக்கொண்ட தொழில்நுட்பம் அது. வறுமை அவருக்குக் கலையைத் தரவில்லை. வறுமை வைத்த தடையை அவரது அறிவு கடந்தது.

அவ்வயதில் இயற்றிய பாடல்தான் 'ஃப்ரைட் ட்ரெயின்', அதாவது சரக்கு ரயில். வீட்டருகே இருப்புப்பாதை ஓடியது. பாடலில் பேசுபவர் ஓடும் ரயிலில் ஏறி யாருக்கும் தெரியாமல் போய்விட விரும்புகிறார். இறந்தபின்னும் ரயிலோசை கேட்கும் இடத்தில் தம்மைப் புதைக்க வேண்டுகிறார். பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி இப்படிப் பாடியிருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், தெற்கின் கறுப்பின மக்களுக்கு ரயில் வெறும் ஊர்தியாக இருந்ததில்லை. வெளியேறும் வழியாக இருந்தது. 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் பெயர்ந்தனர். அப்பெரும் பெயர்ச்சி தொடங்கும் முன்னரே அதன் ஏக்கத்தை இப்பாடல் பதிவு செய்துவிட்டது.

இசை நின்றுபோன ஆண்டுகள்

17 வயதளவில் ஃபிராங்க் காட்டன் என்பவரை மணந்து, ஒரு மகளுக்குத் தாயானார். திருச்சபையில் இணைந்தபோது, உலகியல் பாடல்களையும் இறைப்பணியையும் ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது என்று சபையின் பொறுப்பாளர்கள் அறிவுறுத்தினர். அவர் கிதாரை மெல்ல மெல்லக் கைவிட்டார். எப்போதாவது தேவாலயத்தில் வாசித்ததைத் தவிர, பல பத்தாண்டுகள் இசை அவர் வாழ்வில் இல்லாமற்போயிற்று.

இங்கு நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. கறுப்பினத் திருச்சபை அம்மக்களின் மிகப்பெரிய விடுதலை அரண்களுள் ஒன்று. பள்ளிகளையும் உதவிச் சங்கங்களையும் பின்னர் குடியுரிமைப் போராட்டத்தையும் வளர்த்த இடம் அது. அதே இடம்தான் ஒரு பெண்ணின் கிதாரைக் கீழே வைக்கச் சொன்னது. இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு சமூகம் தன் மதிப்பை நிலைநாட்ட முயலும்போது, இழிவோடு சேர்த்துப் பேசப்பட்ட கலைகளையும் விலக்க முனைகிறது. நம் இயக்கத்திலும் இவ்விவாதம் உண்டு. பறையடிப்பது சாதி சுமத்திய தொழில், அதைக் கைவிடுவதே விடுதலை என்றவர்களும், பறையை விடுதலையின் கருவியாக மீட்டெடுத்தவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். இரு தரப்புக்கும் நியாயங்கள் உண்டு. எனினும், அவ்விவாதத்தின் நடுவே தனிக் கலைஞர் ஒருவர், குறிப்பாகப் பெண் ஒருவர், எதை இழக்கிறார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை எலிசபெத்தின் வாழ்வு நினைவூட்டுகிறது.

சபையின் அறிவுரை ஒரு காரணமென்றால், வேலை மற்றொரு காரணம். 1930களில் இசைத்தட்டுத் தொழில் அவர் பிறந்த பகுதியை எட்டியிருந்தது. கார்பரோவுக்கு அருகிலுள்ள டர்ஹாம் நகரின் தெருக்களில் வாசித்த பிளைண்ட் பாய் ஃபுல்லர், ரெவரண்ட் கேரி டேவிஸ் போன்ற கறுப்பினக் கிதார் கலைஞர்கள் 1935இல் பதிவு செய்யப்பட்டனர். அவர்கள் தெருவில் நின்று வாசித்த ஆண்கள். தேடி வந்த முகவர்களின் கண்ணில் பட்டனர். பிறர் வீட்டின் அடுக்களையில் பகலைக் கழித்த பெண்ணை எந்த முகவரும் காண வழியில்லை.

அந்த உழைப்பு சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. 1935இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் விலக்கி வைத்தது. இவ்விரு தொழில்களிலுமே தெற்கின் கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் இருந்தனர். 1938ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கவில்லை. 1974இல்தான் அது அவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. ஆக, எலிசபெத் காட்டன் உழைத்த ஆண்டுகளுள் பெரும்பகுதி, அவரது வேலை சட்டத்தின்படி முழுமையான வேலையாகவே மதிக்கப்படாத காலம். இந்தியாவில் வீட்டுப் பணியாளர்களுக்கென நாடு தழுவிய தனிச்சட்டம் இன்றும் இல்லை. அவர்களுக்கான 2011ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை இந்திய அரசு ஏற்புறுதி செய்யவும் இல்லை. நம் நகரங்களின் அடுக்களைகளில் எத்தனை பாடல்கள் பாடப்படாமல் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க இது போதுமான காரணம்.

சீகர் வீட்டுச் சமையலறை

1940களில் மகளோடு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்திருந்த எலிசபெத், அங்கு ஒரு பெரிய அங்காடியில் வேலை பார்த்தார். ஒருநாள் கடையில் வழிதவறிய வெள்ளையினச் சிறுமி ஒருத்தியை அவள் தாயிடம் சேர்த்தார். அத்தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர், அமெரிக்காவின் குறிப்பிடத்தக்க இசையமைப்பாளர். சிறுமி பெகி சீகர். இச்சந்திப்பின் வழியே எலிசபெத் அக்குடும்பத்தின் வீட்டுப் பணியாளரானார்.

சீகர் குடும்பம் முற்போக்குச் சிந்தனை உடையது. தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர். ரூத் தென் மாநிலங்களின் நாட்டுப்புறப் பாடல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, இசைக்குறியீட்டில் எழுதி நூல்களுக்கு அளித்தவர். வட கரோலினாவின் பாடல்களைத் தொலைவிலிருந்து ஒலிப்பதிவுகளில் தேடிக்கொண்டிருந்த அவ்வீட்டில், அப்பாடல்களைக் கையிலேயே வைத்திருந்த ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அது அவர்களுக்கு உடனே தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெகியின் கிதாரை எடுத்து, ஒருநாள் எலிசபெத் வாசிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

இதற்காகச் சீகர் குடும்பத்தைப் பழிப்பது முறையன்று. எலிசபெத்தின் திறனை மதித்தவர்கள் அவர்கள். அவர் சார்பாகப் பின்னர் நின்றவர்களும் அவர்களே. ஆயினும், நல்லெண்ணம் உள்ள எசமானரும் எசமானரே என்பதை மறக்கலாகாது. வேலையும் கூலியும் இடையில் நிற்கும்போது, எதிரில் நிற்பவரிடம் 'உனக்கு என்ன தெரியும்?' என்னும் கேள்வி எழுவதேயில்லை. 'என்ன வேலை முடிந்தது?' என்பதே எழுகிறது. முற்போக்கு இல்லங்களிலும் இதுவே நடக்கிறது.

இசைத்தட்டில் இருப்பவை

ரூத்தின் மகன் மைக் சீகர் 1950களின் பிற்பகுதியில் ஒலிப்பதிவுக் கருவியோடு எலிசபெத்தின் வீட்டுக்குச் சென்று, பெரும்பாலும் அங்கேயே இத்தொகுப்பைப் பதிவு செய்தார். ஒலிப்பதிவுக்கூடத்தின் மெருகு எதுவும் இல்லை. ஒரு குரல், ஒரு கிதார், ஓர் அறை. கேட்பவர் அந்த அறையிலேயே ஒரு மூலையில் அமர்ந்திருப்பது போன்ற அண்மையை உணர்வார்.

14 தடங்கள் கொண்ட இத்தொகுப்பில் கணிசமானவை பாடலின்றிக் கருவியிசையாக அமைந்தவை. 'வில்சன் ராக்' என்னும் முதல் தடமே துள்ளலான நடன இசை. அதனை அடுத்து 'ஃப்ரைட் ட்ரெயின்' வருகிறது. துயரம் நிறைந்த பாடலை அவர் அழுகுரலில் பாடவில்லை. இலேசான, ஏறத்தாழப் பேச்சை ஒத்த குரலில், தாளம் சிறிதும் பிசகாமல் பாடுகிறார். இருப்புப்பாதையின் சீரான ஓசையைத் தாளம் நினைவூட்ட, மரணம் பற்றிய விருப்பம் அமைதியாக வெளிப்படுகிறது. கேட்பவரின் இரக்கத்தை அவர் எங்குமே கோரவில்லை.

'ஓ பேப், இட் எய்ன்ட் நோ லை' என்பது அவர் இயற்றிய மற்றொரு பாடல். பிள்ளைப்பருவத்தில் அண்டைவீட்டுப் பெண்ணொருவர் தம்மைப் பற்றிப் பொய்யாகக் கோள் சொல்ல, தாயிடம் தண்டனை பெற்ற மனக்குறையிலிருந்து பிறந்தது. சொல்லப்பட்ட குறை மிகச் சிறியது. ஆனால், தன் சொல்லை யாரும் நம்பாத ஒரு பிள்ளையின் நிலை அதனுள் இருக்கிறது. சாட்சியம் செல்லாத மக்கள் இப்பாடலைத் தம்முடையதாகக் கேட்க முடியும்.

'வாஸ்டபோல்', 'ஸ்பானிஷ் ஃப்ளாங் டாங்' என்னும் இரு கருவியிசைத் தடங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. இவை 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட இசைத்தாள்களாக நடுத்தர வர்க்கத்து வீடுகளில் புழங்கிய கிதார் இசைக்கோவைகளிலிருந்து கிளைத்தவை. அவற்றின் தலைப்புகளே வாய்வழி வழங்கி உருமாறியவை. வரவேற்பறையில் பிறந்த இசை உழைக்கும் மக்களின் கைகளுக்கு வந்து, அவர்களது தாளத்தையும் வேகத்தையும் பெற்று வேறொன்றாகியிருக்கிறது. நாட்டுப்புற இசை என்றால் வெளியுலகத் தொடர்பே இல்லாத தூய ஊற்று என்னும் கற்பனையை இவ்விரு தடங்களும் உடைக்கின்றன. கறுப்பினக் கலைஞர்கள் தம்மைச் சுற்றியிருந்த எல்லா இசையையும் கேட்டார்கள், தேர்ந்தார்கள், மாற்றினார்கள். கடவுள் வாழ்த்துப் பாடல்கள் இரண்டும் இத்தொகுப்பில் உண்டு. சபையும் கிதாரும் சேர முடியாது என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்டவர், இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைத்திருக்கிறார்.

'நாட்டுப்புறம்' என்னும் முத்திரை

இசைத்தட்டு வெளிவருவதற்கு முன்பே 'ஃப்ரைட் ட்ரெயின்' அட்லாண்டிக் கடலைக் கடந்துவிட்டது. பெகி சீகர் இங்கிலாந்துக்குச் சென்றபோது, சிறுவயதில் எலிசபெத்திடம் கேட்டுப் பழகிய இப்பாடலை அங்கு பாடினார். அதைக் கேட்டவர்களுள் இருவர், பால் ஜேம்ஸ், ஃப்ரெட் வில்லியம்ஸ் என்னும் பெயர்களில் பாடலுக்குப் பதிப்புரிமை பெற்றுக்கொண்டனர். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவினர் நான்சி விஸ்கி என்னும் பாடகியோடு அதைப் பதிவு செய்ய, பிரிட்டனின் விற்பனை வரிசையில் 5ஆம் இடம் வரை அது ஏறியது. அந்நேரத்தில் பாடலை இயற்றியவர் மேரிலாந்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

சீகர் குடும்பத்தின் முயற்சியாலும் சட்டப் போராட்டத்தாலும் எலிசபெத்தின் உரிமை பின்னர் ஏற்கப்பட்டது. எனினும், அவ்விருவரின் பெயர்களும் பாடலோடு ஒட்டியே தொடர்ந்தன. இயற்றியவர் தம் பாடலைப் பறித்தவர்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலை அது.

இப்பறிப்பு எவ்வாறு இயன்றது என்பதே முதன்மையான வினா. ஒரு பாடலை 'நாட்டுப்புறப் பாடல்' என்று வகைப்படுத்திவிட்டால், அதற்கு ஆசிரியர் இல்லை என்று கொள்ளப்படுகிறது. ஆசிரியர் இல்லாத பாடல் பொதுச்சொத்து. பொதுச்சொத்தில் சிறு மாற்றம் செய்து, அதற்குத் தம் பெயரில் உரிமை கோருவது பதிப்பாளர்களுக்கு எளிது. ஒடுக்கப்பட்ட மக்களின் படைப்புகள் எழுத்தில் இல்லாமல், ஒப்பந்தத்தில் இல்லாமல், வாய்வழியாக வழங்கிவருவதால் இவ்வகைப்பாடு அவற்றின் மீது எளிதில் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளையின இளைஞர் ஒருவர் கிதாரோடு தம் பாடலைப் பாடினால் அவர் 'பாடகர்-பாடலாசிரியர்'. கறுப்பினப் பணிப்பெண் அதையே செய்தால், அவர் 'மரபின் காவலர்'. முன்னவருக்குப் பெயரும் உரிமத்தொகையும்; பின்னவருக்குப் பாராட்டு மட்டும்.

எலிசபெத்துக்குப் பிற்காலத்தில் வந்த பெருமைகளிலும் இம்முத்திரை தொடர்ந்தது. 1960இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மைக் சீகரோடு முதல் பொது நிகழ்ச்சி நடத்தினார். அடுத்த ஆண்டுகளில் பெருவிழாக்களில் பாடினார். அப்போதும் வீட்டு வேலையை உடனே விட முடியவில்லை. 1967இல் 'ஷேக் சுகரி' என்னும் தொகுப்பு வந்தது. ஒவ்வொரு பொருளாக அடகு வைத்துத் தீர்க்கும் குடும்பத்தைப் பற்றிய அதன் தலைப்புப் பாடலை, தம் கொள்ளுப்பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கினார். 1984இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருதைப் பெற்றார். 1985இல் கிராமி விருதும் கிடைத்தது. ஆனால், அது 'இனக்குழு அல்லது மரபு நாட்டுப்புற இசை' என்னும் பிரிவில். 1987இல் காலமானார். 2022இல் ராக் இசையின் முன்னோடிகளுள் ஒருவராக ராக் அண்டு ரோல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். கார்பரோவில் இருப்புப்பாதையை ஒட்டிச் செல்லும் மிதிவண்டிப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மரபு வேறு, ஆசிரியர் வேறு என்று பிரிப்பதே தவறு. எலிசபெத் மரபைப் பெற்றவர். அதிலிருந்து புதியதை இயற்றியவரும் அவரே. உலகின் எல்லாப் பாடலாசிரியர்களும் அப்படித்தான். மரபில் தோய்ந்த உயர்குடிக் கலைஞரின் ஆக்கம் அவருடையதாக இருக்கும்போது, ஒடுக்கப்பட்டவரின் ஆக்கம் மட்டும் ஊர்ப்பொதுவாகிவிடுவது ஏன் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

இக்கேள்வி தமிழ்ச் சூழலிலும் அண்மையில் உரத்து ஒலித்தது. 2021இல் ஆங்கில இசை இதழ் ஒன்று 'என்ஜாய் என்ஜாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்களைச் சிறப்பித்து அட்டைப்படம் வெளியிட்டபோது, அவற்றின் ஆக்கத்தில் பங்காற்றிய பாடலாசிரியர் அறிவு அதில் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் அதை வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னர் அவ்விதழ் அறிவையும் அட்டையில் வெளியிட்டது. 1957க்கும் 2021க்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான்: இம்முறை கேள்வி கேட்பதற்கு ஒரு வல்லமையுள்ள சமூகம் இருந்தது.

அவ்வல்லமை எல்லாக் கலைஞர்களுக்கும் கிடைக்க வேண்டுமானால், சில நடைமுறைகளை இயக்கத்தினரும் மாணவர்களும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஊர்களில் பாடல் சேகரிக்கச் செல்வோர் பாடலை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பலாகாது. யார் பாடினார், யாரிடம் கற்றார், எந்த அடியை அவரே சேர்த்தார், எந்த நாளில் பதிவாயிற்று என்பவற்றையும் எழுத வேண்டும். வெளியிடும்போது பாடியவரின் பெயரை முதலில் இட வேண்டும். ஒலிப்பதிவின் படியை அவருக்கே தர வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடல் இயற்றப்பட்டுப் பதிவான உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆயினும், வழக்கு எழும்போது தேதியிட்ட சான்று பெரிதும் உதவும். பாடுபவருக்கும் நிகழ்த்துகலைஞர் என்ற முறையில் தனி உரிமை உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்படத்துக்கோ ஒலிப்பதிவுக்கோ உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பாடலாசிரியரும் இசையமைப்பாளரும்கூட, பிற வழிகளில் அப்பாடல் பயன்படும்போது வரும் உரிமத்தொகையில் தம் பங்கை இழப்பதில்லை. 'எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்று கையொப்பம் கேட்கும் ஒப்பந்தத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அதைக் கேள்விக்கு உட்படுத்தலாம். நம் இளங்கலைஞர்களுள் பலர் இதனை அறியாமலேயே முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். கல்லூரிகளில் இயங்கும் வாசகர் வட்டங்களும் சட்ட மாணவர்களும் இணைந்து ஒரு மாலைப்பொழுதில் இதைச் சொல்லித்தர முடியும்.

எலிசபெத் காட்டனின் அந்த முதல் தொகுப்பு, 1989இல் 'ஃப்ரைட் ட்ரெயின்' என்று தொடங்கும் புதிய தலைப்போடு ஸ்மித்சோனியன் நிறுவனத்தால் மறுபடியும் வெளியிடப்பட்டு, இன்றும் கிடைக்கிறது. 'வில்சன் ராக்' தொடங்கி இறுதித் தடம் வரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஆங்கிலச் சொற்கள் முழுதும் விளங்காவிட்டாலும் குறையில்லை. பெருவிரல் பாடுவதைக் காது பிடித்துக்கொள்ளும். கேட்டு முடித்தபின் நண்பரிடம் பாடலைப் பகிரும்போது, 'பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்' என்று எழுதாதீர்கள். 'சொல்லும் இசையும்: எலிசபெத் காட்டன்' என்று எழுதுங்கள்.